சொல்லிச் செய்த வில் உடைந்துபோனால் செய்தவர் பொறுப்பேற்பாரா?

பொறுப்பேற்பார். எல்லாருமே என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேர் எடுத்த கைவினைஞர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் ஏற்கிறார்கள். என் வில் உடைந்தபோது அதைச் செய்தவர் ஏற்றுக்கொண்டார், அதுவும் நான் எதிர்பார்த்ததைவிட ஒரு படி மேலே போய்.

நீங்கள் கேட்டிருப்பது இது: இந்தியாவில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் சொந்தப் பட்டறையில் தனி ஆளாக வில் செய்யும் ஒருவரிடம் லாங்போ (நீளமான மரபு வில்) ஒன்று ஆர்டர் கொடுக்க நினைக்கிறீர்கள். விலை ஆயிரம் டாலரைத் தொடுகிறது. மரமும் பசையுமாகச் செய்த பொருள் இரண்டே மாதத்தில் உடைந்தால் காசு போச்சா? நான் மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். இங்கே மரபு வில்லுக்கு ஆட்கள் அதிகம். ஜனவரியில் கலமசூவில் நடக்கும் மரபு வில் கண்காட்சிக்குப் போனால் பல மாநிலங்களிலிருந்தும் வில் செய்பவர்கள் வந்து மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எடுத்து இழுத்துப் பார்க்கலாம், செய்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என் வில்லையும் அப்படி ஒரு மேசையில்தான் ஆர்டர் கொடுத்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வில் உடைவது அபூர்வம் இல்லை. முழுக்க இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு உடைந்த வில் என்று இங்கிலாந்து வில்லாளிகளிடம் ஒரு பழைய வாக்கு உண்டு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகத்தை லிம்ப் என்கிறோம். இழுக்கும்போது லிம்பில் இலக்கைப் பார்த்த பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்த்த பக்கம் நசுங்குகிறது. அம்பை வேகமாகத் தள்ள வேண்டுமென்றால் லிம்ப் லேசாக இருக்க வேண்டும். அதனால் பயமாக இருக்கிறது, கொஞ்சம் தடிமனாகவே விட்டுவைப்போம் என்று செய்பவர் நினைக்க முடியாது. தடிமனில் 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 33 சதவீதம் ஏறிவிடும்; 45 பவுண்டு இழுவிசை கேட்டவர் கையில் 60 பவுண்டு வில்லைக் கொடுத்த கதையாகிவிடும். மரம் தாங்குகிற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவர் வேலை.

இது இன்று நேற்று வந்த சங்கடம் இல்லை. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 170-க்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. அந்தக் காலத்துக் கணக்கேட்டில் அந்தக் கப்பலுக்கு 185 போர்வீரர்கள், 250 வில்கள். மாலுமிகளும் வில் எடுத்திருப்பார்கள்தான். ஆனாலும் உடையும் என்று தெரிந்தே கூடுதலாக ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்றைக்கு நாம் வாங்கும் மரபு வில்களில் பெரும்பாலானவை ஒற்றை மரம் இல்லை. 1950-களில் ஃப்ரெட் பேர் போன்ற அமெரிக்க வில் தயாரிப்பாளர்கள் பரவலாக்கிய முறை இது: நடுவில் மேப்பிள் அல்லது மூங்கில் பட்டைகள், இரண்டு பக்கமும் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஃபைபர்கிளாஸ், எல்லாவற்றையும் பிடித்து வைக்க எபாக்ஸி பசை. பட்டைகளுக்குப் பசை தடவி, வில்லின் வளைவில் வெட்டிய அச்சில் அடுக்கி, மேலே ஒரு தீயணைப்புக் குழாயை வைத்து மூடி, அதில் காற்றடித்து அழுத்துவார்கள். பிறகு அச்சோடு சேர்த்துச் சூட்டுப் பெட்டிக்குள் சில மணி நேரம். வெளியே வருகிற வில்லைச் சீவித் தேய்த்து, இரண்டு லிம்பும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார்கள். இந்த வேலையை டில்லரிங் என்பார்கள். அதில் நடக்கும் பிசகு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒட்டும்போது நடக்கும் பிசகு தெரியாது. உள்ளே ஓரிடத்தில் பசை போதாமல் போயிருந்தாலும் மேலே வார்னிஷ் பளபளவென்றுதான் இருக்கும்.

என்னுடையது 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு. ஓர் இலையுதிர்காலமும் ஒரு குளிர்காலமும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப் மைதானத்தில் முழுசாக இழுத்துத் தாடை ஓரத்தில் நிறுத்தியபோது கீழே "டிக்" என்று ஒரு சத்தம். மெதுவாகத் தளர்த்தலாம் என்று நினைப்பதற்குள் பட்டென்று போய்விட்டது. நாண் முழங்கையில் சுரீரென்று அடித்தது, அம்பு பக்கத்துப் புல்லில் கிடந்தது. கீழ் லிம்ப் கைப்பிடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிளந்து, ஃபைபர்கிளாஸ் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் என நாணில் தொங்கியது. சுற்றி நின்றவர்கள் வில்லைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் கையையும்தான் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி படம் எடுத்துச் செய்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். காலையில் பதில் இருந்தது. முதல் வரி: அடிபட்டதா? அடுத்த வரி: உங்களுக்கு வேறு வில் செய்து தருகிறேன், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் கேள்விகள். என்ன எடை அம்பு, என்ன நாண், உங்கள் இழுப்பு உண்மையிலேயே 28 அங்குலம்தானா, காரில் வெயிலில் வைத்திருந்தீர்களா, நாண் ஏற்ற ஸ்ட்ரிங்கர் என்ற கயிற்றைப் பயன்படுத்துகிறீர்களா, இல்லை காலுக்கிடையில் வைத்து வளைக்கிறீர்களா. எந்தப் பதிலாக இருந்தாலும் வில் வரும், காரணம் எனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். உடைந்ததை ஒரு சிராய் விடாமல் சேர்த்து அனுப்பச் சொன்னார். கூரியர் செலவும் அவருடையதே.

கேள்விகளின் வரிசையைக் கவனித்தீர்களா? தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டார். அதனால் நான் மறைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அவருக்கும் உண்மையான பதில் கிடைத்தது. சாமர்த்தியத்துக்காகச் செய்தார் என்று சொல்லவில்லை. ஆனால் வேலை தெரிந்தவர் அப்படித்தான் கேட்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் கூப்பிட்டார். பிளந்த இடத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விரலால் தடவிக் காட்டினார். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்த இடங்களில் ஃபைபர்கிளாஸில் மரநார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, முரட்டுத்தனமாக, வெளிர்மஞ்சளாக. அங்கே பசை விடவில்லை, மரம்தான் கிழிந்திருக்கிறது. கைப்பிடிக் கட்டை மெலிந்து லிம்போடு சேர்கிற இடத்தில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, ஃபைபர்கிளாஸ் வழுவழுவென்று இருந்தது. ஒரு நார்கூட இல்லை. எண்ணெய் பழகிய கல்லிலிருந்து தோசை எழும்பி வருவதுபோலச் சுத்தமாக விட்டிருந்தது. அழுத்தத்தில் பசை அங்கிருந்து பிதுங்கி வெளியேறிவிட்டது, நான் தடவியது போதவில்லை என்றார். இது என் ஒட்டு, உங்கள் கை இல்லை. இந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அதுவரை நான்தான் ஏதோ செய்துவிட்டேனோ என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது இதற்கு அடுத்தது. ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு எண் உண்டு, லிம்பில் மையால் எழுதியிருக்கும். அவருடைய நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எந்த மரம், எந்த டப்பா பசை, என்றைக்கு ஒட்டியது என்று குறித்து வைத்திருந்தார். என் வில்லோடு சேர்த்து அதே பசையில் ஒட்டிய மற்ற வில்களை வாங்கியவர்களுக்கும் அவராகவே எழுதினார். அந்த இடத்தில் ஒட்டுக்கோடு ஓரமாக மயிரிழை தெரிகிறதா பாருங்கள், சந்தேகம் இருந்தால் இழுக்காமல் என்னிடம் அனுப்பிவிடுங்கள் என்று. அவர்களில் யாரும் புகார் சொல்லியிருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தனி ஆள் பட்டறையில் ஒரு வில்லைத் திருப்பிச் செய்வதே பல நாள் உழைப்பு. இவர் அந்த வேலையைத் தானே தேடிப் போனார்.

மாற்று வில் வரிசையில் காத்திருந்தவர்களுக்கு முன்னால் செய்யப்பட்டு வந்தது. அதைத்தான் இப்போதும் எய்கிறேன்.

எல்லாரும் இப்படியா என்றால், இல்லை. கிளப்பில் ஒரு நண்பருக்கு வேறொருவர் செய்த வில் போனபோது, நீங்கள் டிரை ஃபயர் செய்திருப்பீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதுதான் டிரை ஃபயர். அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் திரும்பி லிம்புக்குள் இறங்குவதால் வில் நொறுங்கும். உண்மையிலேயே வில்லைக் கொல்கிற காரியம்தான். ஆனால் படத்தைக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னார்கள் என்பதுதான் என் வருத்தம். பிளந்த முகத்தைப் பார்த்தால் பாதிக் கதை தெரியும். பார்க்க விரும்பாதவரிடம் என்ன உத்தரவாதம் எழுதி வாங்கினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

உத்தரவாதம் பொதுவாக முதலில் வாங்கியவருக்கு மட்டும். கைமாறினால் போய்விடும், அதனால் பழைய வில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயும்போது இதையும் கணக்கில் வையுங்கள். வருடக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். டிரை ஃபயர், வெயிலில் பூட்டிய காருக்குள் வைப்பது (எபாக்ஸி இளகும், நம்மூர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம்), சொன்னதைவிட அதிகம் இழுப்பது, மிக லேசான அம்பு, இவையெல்லாம் உத்தரவாதத்துக்கு வெளியே. அம்பு எடைக்கு மரபு வில்லில் பவுண்டுக்கு 10 கிரெயின் என்ற கணக்கு நல்லது. 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெயின், ஏறக்குறைய 29 கிராம்.

ஃபைபர்கிளாஸ் வேண்டாம், ஓசேஜ் ஆரஞ்சு மாதிரி ஒற்றை மரத்தில் செதுக்கிய செல்ஃப்போதான் வேண்டும் என்றால் விஷயமே வேறு. அதில் செய்பவர் மரத்தின் ஓர் ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கம், அதாவது இலக்கைப் பார்த்த பக்கம், நுனிக்கு நுனி அது அறுபடாமல் சீவிக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மரத்துக்குள் ஒளிந்திருக்கும் முடிச்சுக்கு யாரும் கையெழுத்துப் போட முடியாது. அதனால் இவர்களுடைய உத்தரவாதம் குறுகலாக இருக்கும், அதில் தப்பில்லை. நல்லவர்கள் அனுப்புவதற்கு முன் அந்த வில்லில் தாங்களே நிறைய அம்பு விட்டுப் பார்ப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். வில் வந்த பிறகு, உங்களைப் பார்த்த பக்கத்தில் குறுக்காக ரேகை மாதிரி மெல்லிய கோடு விழுந்தால் அங்கே மரம் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே நிறுத்திவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கொரியாவின் ககுங் போன்ற கொம்பு வில் இன்னொரு ரகம். எருமைக் கொம்பு, மூங்கில், விலங்குத் தசைநார், மீன் பசை. விலங்குப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும் என்பதால் பிரிந்த இடத்தைத் திரும்ப ஒட்டலாம். எபாக்ஸி வில்லுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெரிதாகப் பிளந்தால் புது வில்தான்.

ஆர்டர் கொடுக்கும் முன் அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: கடைசியாக உங்கள் வில் ஒன்று எப்போது உடைந்தது, என்ன காரணம்? உடைந்ததே இல்லை என்பவரைவிட, ஆமாம் போன வருடம் ஒன்று போனது, இந்த இடத்தில் போனது, அதற்குப் பிறகு இப்படி மாற்றிக்கொண்டேன் என்று விவரமாகச் சொல்பவரிடம் நான் பணம் கட்டுவேன். பேசியது எதுவாக இருந்தாலும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பதில் பெரிய தலைவலி போக்குவரத்துதான். உடைந்ததை அனுப்பும் செலவு யாருடையது, மாற்று வரும்போது சுங்கத்தில் மறுபடி வரி கேட்டால் யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். முடிந்தால் கழற்றி மாட்டும் டேக்டவுன் வகையாகச் சொல்லுங்கள், லாங்போவிலும் செய்கிறார்கள். பெட்டி சின்னதாகிவிடும், லிம்ப் போனால் லிம்புகளை மட்டும் அனுப்பினால் போதும், கைப்பிடி உங்களிடமே இருக்கும். இரண்டு லிம்பையும் சேர்த்தே அனுப்புங்கள். ஜோடி சேர்த்து டில்லர் செய்ய அவருக்கு இரண்டும் வேண்டும். என் அடுத்த வில்லை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அதே ஆளிடம்.