செயின் அளவு வேறு, பல் எண்ணிக்கை வேறு: பழைய பைக் கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் 1970களில் வந்த இரட்டை சிலிண்டர் பைக் ஒன்று இருக்கிறது. 530 செயின், முன்னால் 15 பல், பின்னால் 42. இதை 520 செயினுக்கு மாற்றினால் பிக்கப் நன்றாக ஏறும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செயின், ஸ்ப்ராக்கெட் இரண்டையும் வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்: முதலில் உங்கள் நண்பர்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள், அதைப் பிரித்துவிடலாம். செயின் அளவு வேறு, பல் எண்ணிக்கை வேறு. பிக்கப்பும் டாப் ஸ்பீடும் மாறுவது பல் எண்ணிக்கையால். 530ஐ எடுத்துவிட்டு 520 போட்டு, பல் அதே 15க்கு 42 என்று வைத்தால் ரேஷியோ (பின் பல்லை முன் பல்லால் வகுத்தது) பழைய 2.8தான், வண்டி பழைய மாதிரியேதான் ஓடும். எடை சில நூறு கிராம் குறையும், அது உண்மை. பந்தயத்தில் ஓட்டுபவருக்கு அது வேண்டும், நீங்கள் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது அது தெரியாது.

செயினில் அடித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். முதல் எண், செயினில் ஒரு பின்னின் (pin) நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை எத்தனை நூல் இடைவெளி என்பது; ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. 5 என்றால் 5 நூல், 15.875 மி.மீ. 4 என்றால் 4 நூல், அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. கடைசி இரண்டு எண்கள் உள் அகலத்தைக் குறிப்பவை: 30 என்றால் 3 நூல், 9.5 மி.மீ.; 20 என்றால் 2 நூல், 6.35 மி.மீ. 428இல் இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கும், அதன் உள் அகலம் இரண்டரை நூல்தான். ஆக 530க்கும் 520க்கும் இடைவெளி ஒன்று, பல்லின் பள்ளத்தில் உட்காரும் உருளையான ரோலரின் தடிமனும் ஒன்று (10.16 மி.மீ.), அகலம் மட்டும்தான் குறைகிறது. அகலம் குறைந்தால் உள்ளே பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் உரசும் பரப்பும் குறையும், அதனால் அதே தரத்துச் செயின் என்றால் 520 சீக்கிரம் தேயும். உங்கள் பைக் காலத்து என்ஜின் சக்திக்கு நல்ல தரமான 520 தாங்கும், ஆனால் எது மலிவோ அதை வாங்கிப் போடாதீர்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால் கவனம் முழுக்க இருக்க வேண்டிய இடம் செயின் நேர்கோடு. 530 ஸ்ப்ராக்கெட்டின் பல் தடிமனாக இருக்கும், 520இன் பல் அதைவிட ஏறத்தாழ 3 மி.மீ. மெலிது. இரண்டும் அதே முகத்தில் உட்கார்ந்தால், மெல்லிய பல்லின் நடுக்கோடு அந்த முகத்தின் பக்கம் சுமார் ஒன்றரை மி.மீ. நகர்ந்துவிடும். முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் சக்கரத்தின் பக்கத்து முகத்தில்தான் உட்காருகின்றன என்றால் இரண்டும் ஒரே பக்கமாக நகரும், கோடு கெடாது. ஒன்று உள் முகத்திலும் மற்றது வெளி முகத்திலும் உட்காரும் வண்டி என்றால் விலகல் இரட்டிப்பாகி 3 மி.மீ. ஆகிவிடும். அந்த விலகலோடு ஓட்டினால் செயினின் உள் தகடுகள் பல்லின் பக்கவாட்டை அரைக்கும், பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதனால் பழையதைக் கழற்றும் முன்பே அளந்து எழுதி வையுங்கள். வெர்னியரை வைத்து, கிராங்க் கேஸில் ஏதாவது ஒரு மட்டமான இடத்திலிருந்து முன் ஸ்ப்ராக்கெட் பல்லின் நடுவரை எவ்வளவு, ஹப்பின் முகத்திலிருந்து பின் பல்லின் நடுவரை எவ்வளவு என்று. கழற்றிய பிறகு இந்த அளவு எங்கும் கிடைக்காது. புதிய ஸ்ப்ராக்கெட்டில் வித்தியாசம் வந்தால் சரிசெய்ய வேண்டியது பின்னால்தான்: ஹப்புக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் லேத்தில் கடைந்த ஒரே தடிமன் வளையம் வைத்து, போல்ட்டையும் அதற்கேற்ற நீளத்தில் மாற்றலாம். முன்னால் வாஷர் கொடுத்துத் தள்ளி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஸ்ப்ளைனில் (ஷாஃப்டின் மேல் உள்ள நீளவாக்குப் பற்கள்) ஸ்ப்ராக்கெட் பிடித்திருக்கும் நீளம் குறையும், நட்டுக்கு மரை குறையும், அந்த நட் ஓட்டத்தில் கழன்றால் செயின் சுருண்டு கிராங்க் கேஸையே உடைத்துவிடும். பழைய வண்டியின் கிராங்க் கேஸுக்கு மாற்று தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, அந்த நட்டின் மரை சில வண்டிகளில் இடது மரையாக இருக்கும், பூட்டு வாஷரை நிமிர்த்திவிட்டு எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று பார்த்த பிறகே ஸ்பானரில் பலம் கொடுங்கள்.

ஓ-ரிங் செயின் (பின்களில் ரப்பர் வளையம் போட்டது) வாங்கப் போகிறீர்கள் என்றால் அதன் பின்கள் சாதாரணச் செயினைவிட நீளமாக வெளியே நிற்கும், பழைய வண்டிகளில் கேஸுக்கும் செயினுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றி, எங்காவது உரசுகிறதா என்று காதாலும் கண்ணாலும் பாருங்கள்.

கேள்வி: என் சின்ன பைக்கில் இருப்பது 420 ஸ்ப்ராக்கெட். கையில் புத்தம் புதிய 428 செயின் இருக்கிறது. இரண்டுக்கும் அரை அங்குல இடைவெளிதானே, போடலாமா?

பதில்: போடக் கூடாது. 420இன் ரோலர் 7.77 மி.மீ., 428இன் ரோலர் 8.51 மி.மீ. பெரிய ரோலர் சிறிய பள்ளத்தின் அடிவரை இறங்காமல் மேலேயே நிற்கும், இழுவை கூடும்போது பல்லின் நுனிக்கு ஏறும். கையால் சுற்றிப் பார்க்கும்போது நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. 428 வேண்டுமென்றால் முன், பின் ஸ்ப்ராக்கெட் இரண்டையும் 428 ஆக மாற்றுங்கள்.

கேள்வி: என் பழைய பைக்கில் பின் பிரேக் டிரம்மும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே வார்ப்பு. பல் கூர்ந்து மெலிந்துவிட்டது, புது டிரம் கிடைக்கவில்லை. 5 நூல் செயின், 16க்கு 44. அரை அங்குலச் செயினுக்கு மாற்றிவிடலாம் என்று லேத்காரர் சொல்கிறார். எத்தனை பல் போட வேண்டும்?

பதில்: கணக்கு சுலபம். 5 நூலிலிருந்து 4 நூலுக்கு வரும்போது பல்லை ஒன்றேகாலால் பெருக்குங்கள்: 16 என்பது 20 ஆகும், 44 என்பது 55 ஆகும். ரேஷியோ அதே 2.75, ஸ்ப்ராக்கெட்டுகளின் விட்டமும் ஏறக்குறைய பழையதேதான், அதனால் செயின் கவரில் இடம் பற்றாது என்ற பிரச்சினை வராது.

ஆனால் மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறேன். தேய்ந்தது பல், செயினின் அளவில் குற்றம் ஒன்றும் இல்லை. எப்படியும் பழைய பல்லைக் கடைந்தெடுத்துவிட்டுப் புதிய வளையம் ஒன்றை போல்ட் போட்டுப் பிடிக்கத்தான் போகிறீர்கள், அந்த வளையத்தை 5 நூலிலேயே 44 பல்லுடன் வெட்டச் சொல்லலாமே. அரை அங்குலச் செயின் சிறிய என்ஜினுக்குப் போதும், இழுவை அதிகமுள்ள பெரிய ஒற்றை சிலிண்டருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

லேத்காரரிடம் இரண்டு விஷயம் கட்டாயம் சொல்லுங்கள். டிரம்மை லேத்தில் பிடிக்கும்போது பேரிங் உட்காரும் துளையை வைத்து மையம் பார்க்க வேண்டும், தேய்ந்த பல்லின் விளிம்பை வைத்துப் பார்த்தால் புதிய வளையமும் கோணலாகச் சுற்றி, செயின் ஒரு இடத்தில் இறுகும், இன்னொரு இடத்தில் தொங்கும். அப்புறம், வளையத்தை வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டாம். வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டில் விரிசல் விடும், டிரம்மின் வட்டமும் கெடும், பிரேக் பிடிக்கும்போது அதிரும். பல்லை எடுத்த பிறகு போல்ட் போட டிரம்மில் போதிய தடிமன் மிஞ்சுமா என்று கடையும் முன்பே அளந்து பார்க்கச் சொல்லுங்கள், மிஞ்சாது என்றால் அந்த டிரம்மில் கை வைக்காமல் வேறு டிரம் தேடுவதுதான் நல்லது.

கேள்வி: நெடுஞ்சாலையில் என்ஜின் ரொம்பக் கத்துகிறது. 15க்கு 45 இருக்கிறது. முன்னால் 16 போடட்டுமா, பின்னால் குறைக்கட்டுமா?

பதில்: முன்னால் ஒரு பல் கூட்டுவது பின்னால் ஏறத்தாழ மூன்று பல் குறைப்பதற்குச் சமம். 16 போட்டால் 3.0 என்ற ரேஷியோ 2.81 ஆகும், அதே சுற்றில் வேகம் 6 முதல் 7 சதவீதம் கூடும். முன் ஸ்ப்ராக்கெட் சிறிய உறுப்பு, மாற்றுவதும் திரும்பப் பழையதைப் போடுவதும் எளிது, அதனால் முதலில் அங்கேயே ஆரம்பியுங்கள். பல் கூடினால் செயினும் மென்மையாக ஓடும்: 12 பல்லில் ஒவ்வொரு பல் கடக்கும்போதும் செயின் வேகம் 3.4 சதவீதம் ஏறி இறங்கும், 16 பல்லில் அது 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 5 நூல் செயின் என்றால் அதே செயினுக்கு பின் சக்கர ஆக்ஸில் சுமார் 4 மி.மீ. முன்னால் வர வேண்டும், அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்போதே டாப் கியரில் முழுச் சுற்றுக்கு ஏற முடியாமல் திணறும் வண்டி என்றால், 16 போட்ட பிறகு டாப் ஸ்பீடு கூடாது, குறையும். மேட்டில் கியரை இறக்கிக்கொண்டே இருப்பீர்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வரும் வண்டியில் அது இனி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், முன் சக்கரத்திலிருந்து வந்தால் கவலை இல்லை.

கேள்வி: புது ஸ்ப்ராக்கெட்டில் பழைய செயினையே போடலாமா? செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

பதில்: செயினை இழுத்துப் பிடித்து 20 லிங்க்கை அளந்து பாருங்கள். 5 நூல் செயினில் புதியது 317.5 மி.மீ. இருக்கும், 324ஐத் தொட்டுவிட்டால் அது முடிந்த செயின், புது ஸ்ப்ராக்கெட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். அதற்கு முன்பே என்றாலும் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுவதையே நான் சொல்வேன். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால். லிங்க் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்து அரை லிங்க் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செயினில் முதலில் அறுவது அந்த இடம்தான். ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டியோ குறைத்தோ இரட்டைப்படைக்குக் கொண்டுவாருங்கள்.