நடந்தே ஒரு நகரம்: வாசகர் கேள்விகள்

நில அளவைத் துறையில் வரைபடம் வரையும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர், வார இறுதியில் பெருநகரங்களை நடந்து பார்க்கப் புறப்படும் வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்.

அலுவலக வேலையாக பார்சிலோனா போகிறேன். சனியும் ஞாயிறும்தான் எனக்கென்று கிடைக்கும். பார்க்க வேண்டியவை என்று பதினேழு இடங்களைக் குறித்திருக்கிறேன். எந்த வரிசையில் போகலாம்?

அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள் ஐயா. பதினேழு இடங்களுக்கும் ஓடினால், இரண்டு நாளில் பெரும்பகுதி மெட்ரோ சுரங்கத்திலும் வரிசைகளிலும் கழிந்துவிடும். இரண்டு பேட்டைகள் போதும். அவற்றை நிதானமாக, தெருத் தெருவாக நடந்து பாருங்கள்.

சனிக்கிழமை காலை கிராசியாவில் தொடங்குங்கள். 1897 வரை அது தனி ஊர். பிறகுதான் பார்சிலோனா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தனக்கென்று சதுக்கம், மணிக்கூண்டு, சந்தை என்று ஓர் ஊருக்கு வேண்டிய எல்லாம் இன்னும் அங்கே இருக்கின்றன. தெருக்கள் குறுகலானவை. கொஞ்ச தூரம் நடந்தாலே ஒரு சதுக்கம் வந்துவிடும். உட்கார இடம் கிடைக்கும்.

பிற்பகலில் பசேய்ச் தெ கிராசியா என்ற அகன்ற சாலை வழியாகக் கடலை நோக்கி இறங்குங்கள். கோட்டைச் சுவருக்குள் இருந்த பழைய நகரத்தையும் கிராசியாவையும் இணைத்த பாதைதான் பின்னாளில் அந்தச் சாலையாக வளர்ந்தது. கட்டடக் கலைஞர் கவுதி கட்டிய கட்டடங்களில் இரண்டு அந்தச் சாலையிலேயே இருக்கின்றன. உங்கள் பட்டியலில் அவை இல்லாமல் இருக்காது! ஞாயிற்றுக்கிழமையைப் பழைய நகரத்துச் சந்துகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று அந்த நகரில் பெரும்பாலான கடைகளும் சந்தைகளும் மூடியிருக்கும். அதனால் சந்தையைப் பார்க்க விரும்பினால் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.

ஒரு பேட்டை நடக்க ஏற்றதா என்று போகும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். வரைபடத்தில் தெருமுனைகளைப் பாருங்கள். என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்தவை அவைதான். எனவே இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை குறுக்குத் தெருக்கள் சேர்கின்றன என்று எண்ணுங்கள். முனைகள் நெருக்கமாக இருந்தால் நடப்பவருக்கு அடிக்கடி புதிய காட்சி கிடைக்கும். வழியை மாற்றிக்கொள்ளவும் முடியும். முனையே வராத நீண்ட மதில் ஓரம் நடந்தால் கால் வலிக்கும் முன்பே மனம் சலித்துவிடும்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1811இல் வகுத்த திட்டப்படி அங்கே தெற்கு வடக்காக நடந்தால் ஏறக்குறைய 80 மீட்டருக்கு ஒரு தெரு வரும். இருபது தெருக்களைத் தாண்டினால் ஒரு மைல். கிழக்கு மேற்காக நடந்தாலோ அடுத்த அவென்யூ (தெற்கு வடக்காகச் செல்லும் பெருஞ்சாலை) வருவதற்குள் பல இடங்களில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் போக வேண்டும். ஒரே பேட்டையில் ஒரு திசை விறுவிறுப்பாகவும் மறு திசை இழுவையாகவும் தோன்றக் காரணம் இதுதான். பார்சிலோனாவில் பொறியாளர் இல்தெஃபோன்ஸ் செர்தா வகுத்த புதிய பகுதியில், தெருக்களுக்கு இடையே உள்ள சதுரக் கட்டங்கள் பக்கத்துக்கு 113 மீட்டர். கட்டங்களின் மூலைகளை அவர் சாய்வாக வெட்டிவிட்டார். வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும். ஆனால் நேராக நடப்பவர் ஒவ்வொரு முனையிலும் சற்று விலகிப் போய்த்தான் சாலையைக் கடக்க முடியும்.

இன்னொன்று, நேர்கோட்டுத் தெருக்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் கோடுகள் வளைந்து பின்னிக் கிடந்தால், பெரும்பாலும் அது நகரம் விழுங்கிய பழைய ஊராக இருக்கும். அங்கே போங்கள். ரயில் பாதை, விரைவுச்சாலை, ஆறு ஆகியவை குறுக்கிட்டால் பாலம் எங்கே என்று முதலில் பார்த்துவிடுங்கள். அலுவலகங்களே நிறைந்த பகுதியை வார இறுதியில் தவிர்க்கலாம். லண்டனின் பழைய மையமான ‘சிட்டி’ வார நாள்களில் நிரம்பி வழியும். சனி, ஞாயிறுகளில் வெறிச்சோடிவிடும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. அவரையும் அழைத்துக்கொண்டு நடந்து பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும் அம்மா. தூரத்தைவிட ஏற்றத்தையும் தரையையும்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். லிஸ்பனின் அல்ஃபாமா 1755 நிலநடுக்கத்தில் பெருமளவு தப்பிய அருமையான பேட்டை. ஆனால் முழுக்கப் படிகளும் செங்குத்துச் சந்துகளும்தான். மழை பெய்தால் அந்த ஊரின் கல் பதித்த நடைபாதை வழுக்கும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதால், அத்தகைய இடங்களில் உச்சிக்கு வண்டியில் போய்க் காட்சியைப் பார்த்துவிட்டு வண்டியிலேயே திரும்பிவிடலாம்.

அவர் ஆசைதீர நடக்க வேண்டுமென்றால் இத்தாலியின் பொலோன்யாவை நினைத்துப் பாருங்கள். நடைபாதைகளுக்கு மேல் தூண் வைத்துக் கட்டிய தாழ்வாரங்கள் அங்கே மொத்தம் 62 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நகர மையம் பெரும்பாலும் சமதரை. வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம்.

போனைப் பார்த்துக்கொண்டே நடக்க எனக்குப் பிடிக்கவில்லை. அது இல்லாமல் வழி தவறிவிடாதா?

பல நகரங்களில் கதவு எண்ணே வழி காட்டும். பாரிஸில் 1805இல் வகுத்த முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. சேன் ஆற்றுக்குக் குறுக்காகச் செல்லும் தெருவில் எண்கள் ஆற்றங்கரையிலிருந்து தொடங்கும். ஆற்றை ஒட்டிச் செல்லும் தெருவில் நீரோட்டத்தின் திசையில் ஏறும். எண்கள் குறைந்துகொண்டே வந்தால் ஆற்றை நெருங்குகிறீர்கள், அல்லது நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நடக்கிறீர்கள். டோக்கியோவில் இது உதவாது. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. எண்கள் வீட்டுத் தொகுதிகளுக்குத்தான். அங்கே ரயில் நிலையத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் வரைபடத்தைப் பார்த்து மட்டும் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வரைபடம், வழித்தடம் தெளிவாகத் தெரிவதற்காகவே உண்மைத் தூரத்தைக் கைவிட்டது. வரைபடக் கலையில் அது ஒரு சாதனை. ஆனால் அதில் தனித்தனி நிறுத்தங்களாகத் தெரியும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே தண்டவாளம் 300 மீட்டர்கூட இல்லை. படியிறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கத் திட்டமிடலாம்?

ஜப்பானிய வீட்டு விளம்பரங்களில் 80 மீட்டரை ஒரு நிமிட நடையாகக் கணக்கிடுவார்கள். ஊர் பார்க்க நடப்பவர் அதில் பாதியை வைத்துக்கொள்ளட்டும். காலையில் மூன்று கிலோமீட்டர், மாலையில் மூன்று கிலோமீட்டர். நடுவில் நீண்ட ஓய்வு.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருந்தால் அந்த நாள் வீண்தானே?

வீண் இல்லை. சில நகரங்கள் நடப்பவர்களுக்காகவே தெருவைத் திறப்பது அன்றைக்குத்தான். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1970களிலிருந்து ஞாயிறு தோறும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை முக்கியச் சாலைகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிளில் வருபவர்களும் நடப்பவர்களும் நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான சாலையை எடுத்துக்கொள்கிறார்கள். டோக்கியோவின் கின்சாவில் கடைகளும் திறந்திருக்கும். 1970 முதல் வார இறுதிப் பிற்பகல்களில் அதன் பெருந்தெரு நடப்பவர்களுக்கு மட்டும்தான். பயணத் தேதியை முடிவு செய்யும் முன், போகும் நகரில் இப்படி ஏதேனும் உண்டா என்று மாநகராட்சியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.