ஆற்றைக் கட்டுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து எழுதுகிறேன். முதுகலை மாணவி. பதினைந்து, பதினாறு வயதினர் படிப்பதற்காக ஒரு மாயாஜால நாவல் எழுதியிருக்கிறேன். கதைச் சுருக்கத்தையும் மூன்று அத்தியாயங்களையும் இணைத்துள்ளேன். பாபநாசத்துப் பெண்ணான பொருநைக்கு தாமிரபரணி ஆற்றின் பேச்சு கேட்கிறது. அவள் பொதிகை மலைக்குள் சென்று மந்திரம் கற்று, பெருவெள்ளம் வரும் இரவில் ஆற்றைக் கட்டி ஊர்களைக் காக்கிறாள். வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடும் மாசானத்தை அவள் விரும்புவதை வீட்டார் எதிர்க்கிறார்கள். கடைசியில் அவன் ஒரு பாளையத்தின் தொலைந்துபோன வாரிசு என்று தெரியவர, சம்மதிக்கிறார்கள். மந்திரம் மனதில் ஒட்டவில்லை, காதல் டிவி சீரியல் போல இருக்கிறது என்கிறார்கள் தோழிகள். இந்த வயதினருக்கு எழுதும்போது காதலைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் தோழிகள் சொன்ன இரண்டு குறைகளும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. உங்கள் நாவலில் எதற்கும் யாரும் விலை கொடுப்பதில்லை.

முதலில் மந்திரத்தைப் பார்ப்போம். பொருநை கையை உயர்த்துகிறாள், ஆறு நிற்கிறது, ஊர் கைகூப்புகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, இந்த ஆற்றங்கரையில் இருந்தவர்கள்தான் உங்கள் முதல் வாசகர்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கட்டிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதாகத்தான் இருக்கும். பாபநாசத்தில் ஆற்றை மறித்தால் அது பின்வாங்கி மலைக்குள் ஏறும். அங்கே மயிலாற்றில் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. கட்டு அவிழாமல் நீடித்தாலோ, கீழே இருக்கும் எட்டு அணைக்கட்டுகளுக்கும் போதிய தண்ணீர் வராது. கன்னடியன் கால்வாய் வறண்டு, வீரவநல்லூரிலும் சேரன்மகாதேவியிலும் பத்தமடையிலும் பிசானப் பருவத்து நெற்பயிர் கருகும். ஆகவே, யாரைக் காப்பதற்காக யாரைக் கைவிடுகிறாள் என்பதுதான் உங்கள் கதாநாயகியின் உண்மையான சோதனை. நீங்கள் எழுதியிருக்கும் குகைப் பூதத்துடனான சண்டை அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

அந்தக் கால்வாய் பற்றி ஊரில் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோயுற்ற அரசன் ஒருவன் தன் பிணியை எள்ளால் செய்த பொம்மையில் ஏற்றி, அதைப் பொன்னோடும் மணியோடும் தானம் கொடுக்கிறான். வாங்க ஒருவரும் முன்வராதபோது கன்னட தேசத்து அந்தணன் ஒருவன் வந்து, தான் செபித்துச் சேர்த்த புண்ணியத்தில் ஒரு பங்கை அந்தப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்கிறான். அந்தச் செல்வத்தைக் கொண்டு, அகத்தியர் சொற்படி ஒரு பசுவின் பின்னால் நடக்கிறான். அது நடந்த வழி கால்வாயாகிறது, படுத்த இடம் குளமாகிறது. இக்கதையில் மாயம் நிறையவே இருக்கிறது, ஆனால் இலவசமாக வந்தது எதுவுமில்லை. வெட்டியதும் மண்வெட்டிதான்.

காதலுக்கு வருகிறேன். உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் காரையாற்றில் சொரிமுத்தையன் கோயில். அங்கே பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அடுத்த ஆடி அமாவாசைக்குள் அந்தச் செருப்பு நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பிராமணனான அவன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பிப் பெண் கேட்கும்போது, அவர்களின் தகப்பன் உடனே சம்மதித்துவிடுவதில்லை. குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி எறிந்து, தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் காட்டு என்கிறான். பட்டன் அத்தனையும் செய்கிறான். பிறகு மாமனாரின் மாடுகளைத் திருடர்களிடமிருந்து மீட்கப் போய் உயிரையும் கொடுக்கிறான்.

இக்கதையின் சில வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று வருகிறது. கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பிற்சேர்க்கை என்றே கருதினார். அந்த ஒரு வரி சேர்ந்ததும் என்ன ஆகிறது என்று பாருங்கள். பட்டன் அறுத்த பூணூலுக்குப் பொருளில்லாமல் போய்விடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்கள் நிம்மதியாக வெற்றிலை போடுகிறார்கள். மாசானத்தைப் பாளையத்து வாரிசாக்கி நீங்கள் செய்திருப்பதும் அதேதான். பொருநையின் தகப்பனார் மனம் மாறவே இல்லை. மாப்பிள்ளையின் சாதியைத்தான் நீங்கள் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். பிறப்பு ரகசியம் உலகெங்கும் இவ்வகை நாவல்களில் புழங்கும் உத்திதான் என்றாலும், நம் மண்ணில் அதற்கு வேறொரு வேலை இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது புரியாது என்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தில் சாதி பார்த்துப் பழகும் பிள்ளைகள் அவர்கள்.

மாசானம் கிடைக்காரனாகவே இருக்கட்டும். அப்போது இரண்டு இழைகளும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஆறு கட்டுண்டு பிசானம் பொய்த்தால், வயலில் கிடை அமர்த்த அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை. அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் பிழைக்கப் போக நேரும். அவள் ஊருக்குச் செய்த நன்மை அவள் விரும்பியவனின் பிழைப்பில் விழும். பதினொன்றாம் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. முதல் அத்தியாயத்தில் "ஏட்டி" என்று வாய்நிறையக் கூப்பிடும் ஆச்சி, மந்திரம் வந்ததும் "மகளே, கேள்" என்று டப்பிங் படத்துப் பாட்டியாகிவிடுகிறாள். மந்திரத்தையும் அவள் ஏட்டி போட்டே சொல்லித் தரலாம்.

காதலைக் குறைக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் உயிரோடு இருப்பது, கிடைக்கு வேலி வளைக்கும் இரவில் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஆட்டுக்குட்டிகளை எண்ணும் இடம்தான். அதை நீட்டுங்கள். அரண்மனை வரும் அத்தியாயத்தை அப்படியே எடுத்துவிடலாம்.