லாக்கருக்குள் எவ்வளவு நேரம்?

வணக்கம். 'ஏலியன்: ஐசோலேஷன்' என்ற வீடியோ கேம் விளையாடுகிறேன். ஐந்தாவது மிஷன், மருத்துவப் பிரிவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். லாக்கரில் ஒளிந்தால் ஏலியன் போவதும் வருவதுமாக அங்கேயே சுற்றுகிறது. வெளியே வந்தால் செத்தேன். என் இடத்தை கேமே அதற்குச் சொல்லிக் கொடுக்கிறதா? ஃப்ளேம்த்ரோவர் (தீ உமிழும் ஆயுதம்) கிடைக்கும்வரை இப்படித்தானா?
- ச.

அன்புள்ள ச.,

உங்கள் சந்தேகம் பாதி சரி. கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கி 2014-இல் வெளிவந்த இந்த கேமில் இரண்டு மூளைகள் உண்டு. ஒன்று ஏலியனுடையது; அதற்கு மேலே 'இயக்குநர்' என்றொரு நிரல். நீங்கள் இருக்கும் இடம் இந்த இயக்குநருக்கு எப்போதும் தெரியும். ஆனால் "அந்தப் பக்கம் போ" என்று ஏலியனுக்குத் தோராயமாகத்தான் கை காட்டும். வந்து சேர்ந்த பிறகு ஏலியன் தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் உங்களைத் தேட வேண்டும்.

அதே இயக்குநர் உங்கள் பதற்றத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏலியன் பக்கத்தில் இருந்தால், கண்ணில் பட்டால், டிராக்கரில் (அருகே அசைவதைக் காட்டும் கைக்கருவி) தெரிந்தால் அந்தக் கணக்கு ஏறும். உச்சத்துக்குப் போனதும் ஏலியனை வென்ட்டுக்குள் (காற்றுக் குழாய்) திருப்பி அழைத்துக்கொள்ளும். உங்களுக்கென்று கிடைக்கிற நேரம் அதுதான். அதை நீங்கள் லாக்கருக்குள்ளேயே உட்கார்ந்து கழித்துவிடுகிறீர்கள். கணக்கு இறங்கியதும் இயக்குநர் ஏலியனை மறுபடி அனுப்புகிறது. "போவதும் வருவதுமாக" என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

ஆகவே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஏலியன் தரையில் நடந்தால் கனமான காலடி கேட்கும். வென்ட்டுக்குள் ஏறினால் தகரம் தடதடக்கும். அது கேட்டவுடன் கிளம்புங்கள். குனிந்தே நடங்கள், ஓட வேண்டாம். மேலே பார்க்கவும் மறக்காதீர்கள்: கூரை வென்ட்டிலிருந்து எச்சில் ஒழுகினால் அது அங்கேதான் காத்திருக்கிறது. அடியில் போனால் தூக்கிவிடும்.

டிராக்கரை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே இறக்கிவிடுங்கள். ஏலியன் அருகில் இருந்தால் அந்த பீப் சத்தம் அதற்கும் கேட்கும். டிராக்கர் அசைவை மட்டுமே காட்டும். அசையாமல் நிற்கும் வொர்க்கிங் ஜோ (மனித வடிவ ரோபோ) அதில் தெரியாது. திரை காலி என்றால் அறையும் காலி என்று எண்ணிவிட வேண்டாம்.

லாக்கரைவிட மேஜைக்கு அடியோ, மருத்துவமனைக் கட்டிலுக்கு அடியோ நல்லது. கால்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்கலாம், எதிர்ப்பக்கமாக நழுவலாம். லாக்கர்தான் கதி என்றால், ஏலியன் கதவின் இடுக்குக்கு முன்னால் வந்து முகத்தை நீட்டும்போது மட்டும் பின்னால் சாய்ந்து மூச்சை அடக்குங்கள். முன்கூட்டியே அடக்கினால் உடல்நலம் கரைய ஆரம்பிக்கும்; தாங்காமல் பாதியில் விட்டால் கதவு பிய்ந்துவிடும்.

எறிந்தால் சத்தம் எழுப்பும் நாய்ஸ்மேக்கரைப் பலர் பயத்தில் காலடியிலேயே போட்டுவிடுகிறார்கள். நீங்கள் போக வேண்டிய வழிக்கு நேர் எதிர்த்திசையில், ஓர் அறை தள்ளி எறியுங்கள். ஏலியன் அங்கே பாய்ந்ததும் நகருங்கள். எதிரி மனிதர்கள் நடுவில் எறிந்தால் மீதி வேலையை ஏலியனே பார்த்துக்கொள்ளும். ரிவால்வரை ஏலியன்மேல் வீணாக்க வேண்டாம். அதற்கு ஒன்றும் ஆகாது, சத்தம்தான் அதைக் கூட்டி வரும்.

ஃப்ளேம்த்ரோவர் வந்தபிறகும் நிலைமை தலைகீழாக மாறிவிடாது. நேராக உங்களை நோக்கி வரும்போது ஒரு சின்ன வீச்சு போதும், ஓடிவிடும். தொட்டதற்கெல்லாம் அடித்தால் எரிபொருளும் தீரும், நாளாக ஆக அதன் பயமும் குறையும். ஏலியனின் நடத்தையில் சில கிளைகள் முதலில் பூட்டியே இருக்கும். விளையாட்டு போகப் போகத் திறக்கும். முந்தைய மிஷனில் பலித்த தந்திரம் அடுத்ததில் கைவிடுவது இதனால்தான்.

பிஎஸ்4 அல்லது எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஆடுகிறீர்கள் என்றால் மைக் வழியாக உங்கள் அறையின் சத்தத்தைக் கேட்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். அது இயங்கினால் நீங்கள் இருமுவது ஏலியனுக்குக் கேட்கும்.

கடைசியாக சேவ். சுவரில் உள்ள சேவ் கருவியில் கார்டைச் செருகியபின் மூன்று விளக்குகள் எரியும்வரை கேம் உங்களுக்காக நிற்காது. அந்த சில விநாடிகளில் முதுகு திறந்தே கிடக்கும். வென்ட்டில் தகரச் சத்தம் கேட்டு, அது தூரத்தில் தேய்ந்த பிறகு கார்டை எடுங்கள்.