ஒரே தொகுப்பில் இரண்டு மரபணுப் பரிசோதனைகள்: இரண்டும் தேவையா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு, ஹெர்-2 (புற்றுநோய் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) மிகையாக இல்லை, நிணநீர்க் கணுக்களில் பரவவில்லை என்கிறது பயாப்சி அறிக்கை. கீமோ தேவையா என்று அறிய 21 மரபணுப் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைத்தார். அதோடு 'நோயெதிர்ப்பு மரபணுத் தொகுப்பு' ஒன்றையும் சேர்த்து எடுத்தால் சலுகை உண்டு என்கிறது ஆய்வகம். இரண்டையும் எடுக்கலாமா?

பதில்: முதலாவதை எடுக்கலாம், இரண்டாவது இப்போது வேண்டாம்.

ஆன்கோடைப் டிஎக்ஸ் எனப்படும் 21 மரபணுப் பரிசோதனை, அகற்றிய கட்டியை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, புற்றுநோய் சார்ந்த 16 மரபணுக்களின் செயல்பாட்டை 5 ஒப்பீட்டு மரபணுக்களோடு வைத்து அளந்து, நோய் திரும்பும் அபாயத்தை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகத் தருகிறது. (பரம்பரைக் கோளாறைத் தேடும் பிஆர்சிஏ பரிசோதனை வேறு, அதை எடுத்திருந்தாலும் இதற்கு ஈடாகாது.) 2018-இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில், உங்கள் அக்காவின் நோய்நிலையை ஒத்த 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தவர்களில், ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களும் கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பலனடைந்தனர். 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடம் மட்டும், மதிப்பெண் 16-ஐத் தொட்டபின் கீமோவால் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆகவே 58 வயதில் 25 வரை வந்தால் கீமோவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதைத் தாண்டினால் பொதுவாகப் பரிந்துரைப்பார்கள். எந்த மதிப்பெண் வந்தாலும் கீமோ எடுப்பதில்லை என்று அக்கா முடிவுசெய்துவிட்டால், இந்தச் செலவும் வீண்தான்.

இரண்டாவது தொகுப்பு, கட்டிக்குள் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் நடமாட்டத்தைக் காட்டும் மரபணுக்களை அளப்பதாக இருக்கும். அவை ஓங்கியுள்ள கட்டிகள் இம்யூனோதெரபிக்கு (உடலின் நோயெதிர்ப்பைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சைக்கு) நன்கு இணங்கும் போக்கு உண்மையே. ஆனால் இவ்வகை ஆரம்பநிலை நோயில் அறுவைக்குப் பின் இம்யூனோதெரபி வழக்கமான சிகிச்சை அன்று. முடிவு எப்படி வந்தாலும் மருந்துச்சீட்டில் ஒரு வரிகூட மாறப்போவதில்லை. அச்சிகிச்சை தரப்படும் புற்றுநோய்களில்கூட, மருத்துவர்கள் பெரும்பாலும் பிடி-எல்1 புரதம் போன்ற வேறு குறியீடுகளையே பார்க்கிறார்கள். 'எதிர்ப்பு குறைவு' என்று அச்சிட்டு வரும் ஒரு தாள் வீட்டில் கிலியைத்தான் கிளப்பும். சலுகை விலை என்பதால் அது பயனுள்ளதாகிவிடாது.

பணம் கட்டுமுன், ஆர்.என்.ஏ. போதாமல் பரிசோதனை தோற்றால் தொகையைத் திருப்பித் தருவார்களா என்பதையும், மிஞ்சிய பிளாக்கை எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பின்னாளில் வேறு பரிசோதனை தேவைப்பட்டால் அந்தத் திசுவைத்தான் கேட்பார்கள்.