உட்கருவுக்கும் செல் சட்டகத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உட்கருவை ஒரு பாடமாகவும் செல் சட்டகத்தை வேறொரு பாடமாகவும் படிக்கிறோம். ஒன்று செல்லின் தலைமையகம், மற்றது அதன் எலும்புக்கூடு என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒட்டுறவு ஏதாவது உண்டா?"

உண்டு. நெருக்கமான உறவு. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். பாடப்புத்தகப் படங்களில் உட்கரு, முட்டைக்குள் மஞ்சள் கருவைப்போல நடுவில் மிதந்துகொண்டிருக்கும். சுற்றிலும் வெறும் வெளி. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. உட்கரு மிதப்பதில்லை. நாலா பக்கமும் இழைகளால் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. இடைநிலை இழை, ஆக்டின், நுண்குழல் என்ற அந்த மூன்று வகை இழைகளும் சேர்ந்ததுதான் செல் சட்டகம். தேவை வந்தால் அந்த இழைகளே அதை இழுத்துக்கொண்டும் போகின்றன.

வெங்காய வேர்நுனிச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள், இல்லையென்றால் அடுத்த ஆண்டு செய்வீர்கள். தண்ணீர் நிறைந்த பாட்டில் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியைக் காலையில் வெட்டி, அசிட்டோகார்மைன் சாயத்தில் இளஞ்சூட்டில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒற்றுத்தாளின் மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்த வேண்டும். விரல் இம்மியளவு நகர்ந்தாலும் செல்கள் சுருண்டு பாழாகிவிடும். சரியாக அழுத்தியவர்களுக்கு நுண்ணோக்கியில் ஓர் அற்புதம் காத்திருக்கிறது. பெரும்பாலான செல்களில் உருண்டையான, சிவந்த உட்கரு. அங்கங்கே சில செல்களில் மட்டும் உருண்டை மறைந்து, புழுக்களைப்போல 16 குரோமோசோம்கள். இன்னொரு செல்லில் அவை இரு அணிகளாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும்.

"தானாகவா போகின்றன?" என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்பார். அந்தச் சாயம் குரோமோசோமை மட்டும்தான் நன்றாகப் பிடிக்கும். அவற்றை இழுக்கும் நுண்குழல்கள் சாயம் ஏறாமல் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. இழுபடுவது தெரிகிறது, இழுப்பது தெரிவதில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிக்கும் பழக்கமே இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

முதலில் உட்கருவை நெருங்கிப் பார்ப்போம். 1831ஆம் ஆண்டு ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் பார்த்து இதற்குப் பெயர் சூட்டினார். மனித உட்கருவின் குறுக்களவு ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோமீட்டர். அதற்குள் மடிந்து கிடக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். சுற்றியிருக்கும் உறை இரட்டைச் சவ்வு. அதில் ஆயிரக்கணக்கில் துளைகள். துளை என்றதும் வெறும் ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்களால், எட்டு மடிப்புச் சமச்சீரோடு கட்டப்பட்ட நுழைவாயில். சிறிய மூலக்கூறுகள் தடையின்றி நுழையும். பெரிய புரதங்கள் உரிய அடையாளத்தைக் காட்டினால்தான் உள்ளே போக முடியும். உள்ளே படியெடுக்கப்பட்ட ஆர்என்ஏ இதே வாயில் வழியாகத்தான் வெளியே வருகிறது.

நம் கேள்விக்கு முக்கியமானது உறையின் உட்புறம். விலங்கு செல்களில் அங்கே லாமின் என்ற புரத இழைகள் பாய் முடைந்ததுபோல் படர்ந்திருக்கின்றன. இந்த லாமின் செல் சட்டகத்தைச் சேர்ந்த இடைநிலை இழைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சட்டகத்தின் உறவினர் ஒருவர் உட்கருவுக்குள்ளேயே குடியிருக்கிறார் என்று வகுப்பில் சொல்வேன். தாவரங்களில் லாமின் கிடையாது. வேறு புரதங்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. லாமின் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. புரோஜீரியா என்ற அரிய நோயில் குழந்தைகள் பத்து வயதுக்குள் முதியவர்களைப்போல ஆகிவிடுகிறார்கள். லாமின்-ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம் என்று 2003இல் கண்டறிந்தார்கள். அந்தக் குழந்தைகளின் உட்கரு உருண்டையாக இருப்பதில்லை. நெளிந்து, புடைத்துக் கிடக்கிறது.

லாமின் உள்ளே, இழைகள் வெளியே. நடுவில் இரட்டைச் சவ்வு. இரண்டையும் எது இணைக்கிறது? உட்சவ்வில் சன் என்ற புரதமும் வெளிச்சவ்வில் நெஸ்ப்ரின் என்ற புரதமும் சவ்வுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் கைகோத்து நிற்கின்றன. சன்னின் மறுகை லாமினைப் பிடித்திருக்கிறது. நெஸ்ப்ரினின் மறுகை வெளியிலுள்ள ஆக்டின் இழையையோ நுண்குழலையோ பிடித்திருக்கிறது. செல்லின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உட்கருவின் வடிவமே மாறுவது இந்தப் பிடியால்தான். தாவர செல்லின் ஒரு பக்கத்தில் காயம்பட்டால் உட்கரு அந்தப் பக்கமாக நகர்ந்து போகும். வேர்த்தூவி நீளும்போது அதன் நுனிக்குச் சற்றுப் பின்னால் உட்கருவும் கூடவே பயணிக்கும். ஆக்டினைச் சிதைத்துவிட்டால் அந்தப் பயணம் குலைந்துபோகும்.

எலும்புக்கூடு என்ற உவமையை நான் ஏற்பதில்லை. இடைநிலை இழைகளுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். அவை கயிறுபோல் உறுதியானவை, 10 நானோமீட்டர் தடிமன். ஆக்டின் அதைவிட மெலிது, 7 நானோமீட்டர். நுண்குழல் 25 நானோமீட்டர் விட்டமுள்ள வெற்றுக்குழல். டியூபுலின் என்ற புரதத் துண்டுகளாலான 13 சரங்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஆனது. இது ஓயாமல் ஒரு முனையில் வளர்கிறது, திடீரென்று சரிந்து குறைகிறது, மறுபடி வளர்கிறது. 1984இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் இந்த நிலையாமையை விளக்கினார்கள். காலையில் சாரம் கட்டி மாலையில் அவிழ்த்து, மறுநாள் வேறு சுவரில் கட்டுகிறார்களே, அதை நிமிடக்கணக்கில் நினைத்துப் பாருங்கள். எலும்பு அப்படிச் செய்யாது.

இந்த வளர்ந்து குறையும் குணம் இல்லையென்றால் செல் பிரியவே முடியாது. பிரியும் நேரம் வந்ததும் லாமின் பாய் பிரிந்து, உட்கரு உறை துண்டு துண்டாகிறது. நுண்குழல்கள் கதிர்கோலாக அணிவகுத்து, நீண்டும் குறுகியும் இருட்டில் கை துழாவுவதுபோல் குரோமோசோம்களைத் தேடுகின்றன. ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் கைனிட்டோகோர் என்ற பிடி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரே ஒரு பிடி பிடிபடாமல் மிச்சமிருந்தாலும் செல் பிரிவை நிறுத்திவைத்துக் காத்திருக்கும். எல்லாம் பிடிபட்டதும் நுண்குழல்கள் குறுகத் தொடங்குகின்றன. குரோமோசோம்கள் இரு புறமும் இழுபடுகின்றன. பிறகு இரண்டு புதிய உறைகள். தலைமையகத்தையே கலைத்து இரண்டாகக் கட்டிக்கொடுப்பது இந்தச் சட்டகம்தான்.

கண்ணுக்குத் தெரியாத இழையை மாணவர்களுக்கு நிரூபிக்க என்னிடம் ஒரே வழிதான் உண்டு: இழையை எடுத்துவிட்டுக் காட்டுவது. வேர்நுனியைச் சில மணி நேரம் கோல்சிசின் கரைசலில் வைத்துவிட்டு அதே சோதனையைச் செய்வோம். குரோமோசோம்கள் தடித்துத் தெளிவாகத் தெரியும். ஆனால் அணிவகுப்பு இருக்காது. கைதவறிக் கொட்டிய தீக்குச்சிகள் மாதிரி செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அந்தத் தகட்டைப் பார்த்த பிறகு "தானாகவா போகின்றன?" என்று யாரும் கேட்பதில்லை.

கோல்சிசின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளிலும் இது இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டி, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து, கண்வலிக் கிழங்கு என்று சாகுபடி செய்கிறார்களே, அதே கொடிதான். அதன் விதையைக் காயவைத்து விற்கும் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். கோல்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு குழல் வளரவிடாமல் தடுக்கிறது. டியூபுலின் என்ற புரதம் அடையாளம் காணப்பட்டதே, கோல்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று 1967இல் போரிசியும் டெய்லரும் தேடியபோதுதான். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று 1955இல் ஸ்வீடனின் லுண்டு நகரில் சியோவும் லெவானும் சரியாக எண்ணி முடித்ததிலும் கோல்சிசினுக்குப் பங்கு உண்டு. அதுவரை 48 என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிழங்கைத் தவறிச் சாப்பிட்டவர்களுக்கு முதலில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து முடி கொட்டும். குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை, முடிவேர் மூன்றும் இடைவிடாமல் செல் பிரிந்துகொண்டே இருக்கும் இடங்கள். வெங்காய வேரில் பார்த்தது உடம்புக்குள் நடக்கிறது. தயவுசெய்து அந்தச் செடியோடு விளையாட வேண்டாம்.

பிரிவைத் தடுக்கும் இதே குணத்தைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். நித்தியகல்யாணியில் இருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் நுண்குழலை வளரவிடாது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து. பேக்லிடேக்சல் என்ற மற்றொரு மருந்து நேர்மாறு. குழலைக் குறையவிடாமல் இறுக்கிவிடும் என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். வளரவிடாவிட்டாலும் குறையவிடாவிட்டாலும் செல் பிரிவு நின்றுபோகிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகப் பேக்லிடேக்சல் ஏற்றினார்கள். நான்காவது முறைக்குப் பிறகு, வீட்டுக்குள் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. ஜாக்கெட் கொக்கியை விரலால் தேடிப் பிடிக்க முடியாமல் அழுதாள். "நரம்பு செல்தான் பிரியவே பிரியாதே, அதுக்கு ஏன்டா இந்த மருந்து வலிக்கணும்?" என்று கேட்டாள். அவள் அறிவியல் படித்தவள் இல்லை. மருத்துவமனையில் சொன்னதை அப்படியே மனதில் வைத்திருந்து கேட்ட கேள்வி அது.

பாதத்தின் உணர்வை அறியும் நரம்பு செல்லின் உட்கரு கீழ்முதுகில், தண்டுவடத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதன் இழையோ கால்விரல் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர். விரல் நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி முதுகில் உருவாகி அங்கிருந்து போய்ச் சேர வேண்டும். போகும் தண்டவாளம் நுண்குழல். அதன்மேல் கைனசின் என்ற புரதம் 8 நானோமீட்டர் அடியெடுத்து வைத்துச் சரக்கைச் சுமந்து செல்கிறது. விரைவாகப் போகும் சரக்கு ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் வரை நகரும். கால்விரலுக்கு இரண்டரை நாள். மெதுவாகப் போகும் சரக்குக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர், ஆயிரம் நாள். தண்டவாளம் கெட்டால் முதலில் தவிப்பது கடைசி ஸ்டேஷன். மரத்துப்போவது கால்விரலிலும் கைவிரல் நுனியிலும் தொடங்குவதற்கு முக்கியக் காரணமாக இதைத்தான் கருதுகிறார்கள். ஒரு தாளில் படம் வரைந்து அக்காவிடம் சொன்னேன். கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

மருத்துவர் அளவைக் குறைத்தார். சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் போன் வந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட நின்றபோது உள்ளங்காலில் தண்ணீரின் குளிர்ச்சி தெரிந்ததாம். வலது பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தேதான் இருக்கிறது.