கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள்: வியட்நாம் கேள்வி பதில்

மத்திய வியட்நாமின் ஹுவே, ஹோய் ஆன் நகரங்களையும் அங்குள்ள பகோடாக்களையும் பார்க்கக் கிளம்பும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

ஹுவேயில் தியென் மூ பகோடா போய்வந்த உறவினர், “ஒரே ஒரு கோபுரம், ஏறவும் விடமாட்டார்கள், பத்து நிமிஷம் போதும்” என்கிறார். அதற்காக ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் போக வேண்டுமா? (வாசகர், கும்பகோணம்)

உங்கள் ஊருக்கு வந்த ஒருவர் ராஜகோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினால் என்ன சொல்வீர்கள்? உறவினர் செய்தது அதைத்தான்.

குழப்பம் சொல்லில் இருக்கிறது. பர்மாவில் பகோடா என்றால் மணி கவிழ்த்த வடிவில் நிற்கும் தூபி. வியட்நாமில் பகோடா என்று நாம் சொல்வது அவர்களுடைய ‘சூவா’. வாயில், மணி மண்டபம், புத்தர் மண்டபம், துறவிகள் குடியிருக்கும் கட்டு, சமையல்கட்டு, தோட்டம் எல்லாம் சேர்ந்த மடம் அது. கோபுரத்துக்குத் தனிப்பெயர் ‘தாப்’. கோபுரமே இல்லாத சூவாக்களும் உண்டு.

தியென் மூவை 1601-இல் நிறுவியவர் நுயென் ஹோவாங் என்ற பிரபு. படங்களில் வரும் எண்கோண, ஏழு நிலைக் கோபுரம் 1844-இல்தான் வந்தது; 21 மீட்டர் உயரம். ஆக, படத்தில் பிரபலமானது மடத்தைவிட இருநூறு வருஷத்துக்கு மேல் இளையது. கோபுரத்தின் இரு பக்கமும் உள்ள சிறு மண்டபங்களை எட்டிப் பாருங்கள். ஒன்றில் 1710-இல் நுயென் ஃபுக் சூ என்ற பிரபு வார்த்த வெண்கல மணி, இன்னொன்றில் பளிங்கு ஆமையின் முதுகில் 1715-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. இந்தப் பிரபுவின் பெயரை நினைவில் வையுங்கள், ஹோய் ஆனிலும் வருவார்.

அதற்குப் பின்னால் வாயில் காவலர் சிலைகள், முற்றம், பிரதான மண்டபம். அதையும் தாண்டினால் ஒரு கொட்டகையில் வெளிர்நீல ஆஸ்டின் கார் நிற்கும். 1963 ஜூன் 11 அன்று, பௌத்தர்கள் மீதான அரசின் ஒடுக்குமுறையை எதிர்த்து சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்த துறவி திக் குவாங் டுக் அந்த இடத்துக்கு வந்திறங்கிய கார். உலகம் பார்த்த அந்தப் புகைப்படத்தில், தீக்குப் பின்னால் பானெட் திறந்தபடி நிற்பது இதுதான். பலர் பழைய கார் என்று நினைத்து முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். கடைசியில் பைன் மரங்களுக்கிடையே மடத்தலைவராக இருந்த துறவி ஒருவரின் சமாதி. அதுவரை நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர், ஆற்றோரமாகவே சைக்கிளில் போகலாம். காலை ஏழு மணிவாக்கில் போனால் ஓதும் சத்தம் காதில் விழ வாய்ப்பு உண்டு. பத்து மணிக்குப் போனால் சுற்றுலா வழிகாட்டியின் மைக்தான். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

செருப்பை எங்கே கழற்றுவது? ஊதுபத்தி எத்தனை? (வாசகி, தேனி)

இலங்கையிலும் பர்மாவிலும் வளாக வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், வெயிலில் கால் வெந்துபோகும். வியட்நாமில் முற்றம் வரை செருப்போடு போகலாம், புத்தர் மண்டபத்தின் படியில் கழற்றினால் போதும். சில இடங்களில் அதுவும் கேட்பதில்லை. படியருகே ஜோடிகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சுடிதார், புடவை, வேட்டி எதற்கும் பிரச்சினை இல்லை. அரை டிராயர்தான் சிக்கல்.

வாயிலில் பெரும்பாலும் மூன்று வழி இருக்கும். நடு வழி மன்னருக்கும் பெரிய துறவிகளுக்கும் உரியது என்பது மரபு. வலப்பக்கம் நுழைந்து, வெளியேறும்போது எதிர்ப்பக்க வழியில் வருவது வழக்கம். உயரமான மர வாசற்படியைத் தாண்டிப் போங்கள், மிதிக்காதீர்கள். நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதேதான்.

ஊதுபத்தி ஒற்றைப்படையில்: ஒன்று அல்லது மூன்று. முற்றத்துப் பெரிய கலயத்தில் செருகுங்கள், கட்டுக்கட்டாய்க் கொளுத்தி மண்டபத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்; மர உத்தரமும் அரக்குப் பூச்சும் புகையில் கருத்துப்போவதால் பல மடங்களில் உள்ளே தடையே உண்டு. பூ, பழம் வைக்கலாம். கற்பூரம் வழக்கத்தில் இல்லை. மணியைப் பார்த்ததும் கை பரபரக்கும், அடிக்காதீர்கள். அது நேரம் அறிவிக்கும் மணி, கும்பிடுபவர் அடிப்பதில்லை.

பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப்பெயர் இல்லை, அந்தக் கட்டம் காலி. இ-விசாவில் எப்படி நிரப்புவது? (வாசகர், விருதுநகர்)

தமிழர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியலைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து அச்சாகியிருந்தால் விசாவிலும் விமான டிக்கெட்டிலும் விரித்தே இருக்க வேண்டும். படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளைத்தான் இயந்திரம் படிக்கும். அதில் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்து. ஸ்கேன் செய்யும்போது அந்த வரிகள் வெட்டுப்படாமல், ஃபிளாஷ் வெளிச்சம் விழாமல் இருக்கட்டும். முகப்படத்தில் கண்ணாடி அணியக்கூடாது.

கட்டணம் ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், மறுத்தாலும் திரும்பாது. 2023 ஆகஸ்டு 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். மூன்று வேலைநாள் என்பது கணக்கு, வியட்நாமியப் புத்தாண்டான தெத் சமயத்தில் அதை நம்பாதீர்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் தரும் முகவர் தளங்கள் பல இருக்கின்றன. ஒருமுறை நுழையும் விசாவுக்கே 25-க்கு மேல் காட்டினால் இடம் மாறி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விசா வந்ததும் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, நுழையும் தேதி மூன்றையும் இன்னொருவரை விட்டு வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ஓர் எண் பிசகினாலும் விமான நிலைய கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஹோய் ஆனில் தங்கிக்கொண்டு ஹுவேயை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? (வாசகர், கோவை)

முடியும், ஆனால் பார்த்ததாக இராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டா நாங் நகரத்திலிருந்தே ஹுவே வடக்கே சுமார் 100 கிலோமீட்டர், ஹோய் ஆன் தெற்கே இன்னொரு 30. போக வர ஆறேழு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். ஹுவேயில் இரண்டு இரவு தங்குங்கள்.

முதல் நாள் காலை அரண்மனைக் கோட்டை திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். 1802 முதல் 1945 வரை 13 நுயென் மன்னர்கள் ஆண்ட இடம். 1947-லும் 1968-லும் நடந்த சண்டைகளில் பெரும்பகுதி அழிந்ததால், வரைபடத்தில் மாளிகை என்று இருக்கும் இடத்தில் நேரில் புல்வெளிதான். “ஒன்றுமில்லையே” என்று சலித்து நடுவிலேயே திரும்புபவர்கள் உண்டு. சீரமைத்து 2024-இல் திறந்த தாய் ஹோவா அரியணை மண்டபத்தையும், கோடியில் இருக்கும் கியென் சுங் மாளிகையையும் விட்டுவிடாதீர்கள். நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் வேண்டும்.

இரண்டாம் நாள் மன்னர் சமாதிகள். கோட்டைக்கு 200,000 டாங் (வியட்நாம் நாணயம்), மின் மாங், து டுக், காய் தின் என்ற மூன்று மன்னர்களின் சமாதி ஒவ்வொன்றுக்கும் 150,000. கோட்டையோடு இந்த மூன்று சமாதிகளையும் சேர்த்த சீட்டு 530,000. தனித்தனியே வாங்குவதைவிட 120,000 மிச்சம். முழங்கால் வலி உள்ளவர்கள் காய் தின் சமாதியின் 127 படிகளை முதலில், வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள். வெளியே கருத்த கான்கிரீட், உள்ளே சுவர் முழுக்கப் பீங்கான், கண்ணாடிச் சில்லுப் பதிப்பு. ஒரே ஒரு சமாதிதான் முடியும் என்றால் எங்கள் ஓட்டு மின் மாங்குக்கு. குளமும் மரமும் மண்டபமும் ஒரே நேர்க்கோட்டில் விரியும், கூட்டமும் குறைவு.

திரும்பும்போது ரயிலில் வாருங்கள். டா நாங் நோக்கித் தெற்கே வருகையில் ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடல் இடது கைப்பக்கம் வரும். சுமார் மூன்று மணி நேரம். பஸ் மலைக்குள் சுரங்கத்தில் போய்விடும், கடல் தெரியாது.

ஐப்பசியில் லீவு கிடைக்கிறது. போகலாமா? (வாசகி, சென்னை)

வேண்டாம். நமக்கு மழை தரும் அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கும். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் பழைய ஊரின் தெருக்களில் படகு விடும் நிலை பல ஆண்டுகளில் வருகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது.

ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலத்தைப் ‘பகோடா பாலம்’ என்கிறார்களே, உள்ளே புத்தர் இருக்கிறாரா? (வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. உள்ளே இருப்பவர் சான் வோ, வடதிசைக் காவல் தெய்வம். வெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் அடக்குவார் என்பது நம்பிக்கை. பேச்சுவழக்கில் ‘சூவா காவ்’, அதாவது பகோடா பாலம் என்று நிலைத்துவிட்டது. 1719-இல் இங்கே வந்து ‘தூரத்திலிருந்து வரும் விருந்தாளிகளின் பாலம்’ என்று பெயர் சூட்டியவர் தியென் மூ மணியை வார்த்த அதே நுயென் ஃபுக் சூ. ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறுமுனையில் குரங்குகள். சீரமைத்து 2024 ஆகஸ்டில் திறந்தபோது, பளபளவென்று புதிதாகிவிட்டதே என்று ஊரிலேயே முணுமுணுப்பு எழுந்தது.

சட்டைப்பையில் ஒரு 20,000 டாங் நோட்டு இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் இதே பாலம்தான். அப்படியே ஓர் எச்சரிக்கை: 20,000-மும் 500,000-மும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். இளநீர் வாங்கிவிட்டு 20,000 என்று நினைத்து 500,000-ஐ நீட்டுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. 500,000 நோட்டுகளைத் தனிப்பையில் வையுங்கள். கொடுக்குமுன் பூஜ்யத்தை எண்ணுங்கள்.

பழைய ஊருக்கு வெளிநாட்டவர் சீட்டு 120,000 டாங். குறிப்பிட்ட சில கட்டடங்களுக்கு மட்டுமே அது செல்லும், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள். பாலத்துக்கு ஒரு துண்டு, ஃபூஜியன் சீனர்களின் சபை மண்டபத்துக்கு ஒன்று, பழைய வணிகர் வீடு ஒன்றுக்கு ஒன்று என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வியட்நாமியச் சந்திர மாதத்தின் 14-ஆம் நாள் இரவு மின்விளக்குகளை அணைத்துக் காகித விளக்கு ஏற்றுவார்கள். அழகுதான், கூட்டமும் நெரியும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? (வாசகி, மயிலாடுதுறை)

பகோடா இருக்கும் ஊரில் பட்டினி இல்லை. பலகையில் ‘சாய்’ என்று எழுதிய கடையைத் தேடுங்கள்; பௌத்த சைவம் என்று பொருள். பெரும்பாலும் முட்டையும் பாலும் சேர்ப்பதில்லை, பல இடங்களில் வெங்காயம் பூண்டுகூட இல்லை. தயிர்சாதம் மட்டும் கேட்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சாதாரணக் கடைகளும் சாய் சமைக்கும். தட்டில் மீன் வடிவத்தில் ஏதாவது வந்தால் பதற வேண்டாம், சோயாதான்.

ஏமாறுவது சாதாரணக் கடையில். “கறி வேண்டாம்” என்றால் கறியை எடுத்துவிட்டு, எலும்பு வேகவைத்த சாற்றை அப்படியே ஊற்றுவார்கள். கீரை வதக்கலில் மீன்சாறான ‘நுக் மாம்’ விழுந்திருக்கும். ஹுவே நூடுல்ஸ் சாற்றில் இறால் விழுதும் சேரும். எனவே எது வேண்டாம் என்று பட்டியல் போடாமல் “தோய் அன் சாய்”, நான் சாய் சாப்பிடுபவர் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும்.

சிவன் கோயிலும் இருக்கிறதாமே? (வாசகர், திருவாரூர்)

மி சன். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கே முன்பு இருந்த சம்பா ராஜ்ஜியத்தின் மன்னர்கள் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனை வழிபட்ட செங்கல் கோயில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிக உயரமான கோயில் நொறுங்கியது. இந்தியத் தொல்லியல் துறை இங்கே சீரமைப்பில் ஈடுபட்டது. 2020-இல் அந்த வேலையின்போது ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்று கிடைத்தது. காலை முதல் வண்டியில் போங்கள், பள்ளத்தாக்கு என்பதால் பத்து மணிக்கு மேல் காற்றே இராது.

அங்குள்ள மடங்களில் போதிதர்மர் சிலை உண்டா? (வாசகர், காஞ்சிபுரம்)

உண்டு. புத்தர் மண்டபத்திலேயே தேடாதீர்கள். பின்னால் ‘தோ’ மண்டபம், அதாவது குருமார்களுக்கான மண்டபம் இருக்கும். வட வியட்நாம் மடங்களில் கருத்த முகம், அடர்ந்த தாடியோடு தனியாகத் தெரிபவர் அவர்தான். தென்னிந்தியர் என்பது பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று. காஞ்சி என்பது பின்னால் சேர்ந்த மரபு. ஹனோய் வழியாகப் போனால் மேற்கு ஏரிக்கரையில் சான் குவோக் மடத்துக்கும் போங்கள். 1959-இல் நம் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் புத்தகயாவிலிருந்து கொண்டுவந்து தந்த போதிமரக் கன்று அங்கே பெரிய மரமாக நிற்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.